பவர் இருக்கு, பத்திரம் இருக்கு... அப்பாவுக்கு நினைவு இல்லையே!

பெற்றோருக்குச் சட்டப்படி காப்பாளர் ஆவது பற்றிக் கேரள, ஆந்திர எல்லை ஊர்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. வீடு இந்தப் பக்கம், நிலம் அந்தப் பக்கம் என்று இருப்பவர்களுக்குச் சிக்கலும் இரண்டு மடங்கு. உயர் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரும் முதியோர் நல மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பதில் அளிக்கிறார்கள்.

என் அப்பாவுக்கு 78 வயது. மூன்று வருஷமாக மறதி நோய் (டிமென்ஷியா). கம்பத்தில் எங்களோடு இருக்கிறார். கேரளத்தின் இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் அவர் பேரில் 2 ஏக்கர் ஏலத்தோட்டம். 2021-ல், தெளிவாக இருந்தபோதே, எனக்குப் பொது பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிப் பதிவு செய்து கொடுத்தார். இப்போது தோட்டக் கடனைப் புதுப்பிக்கப் போனால், ‘உங்கப்பாவுக்கு நினைவு இல்லைன்னா இந்தப் பவர் செல்லாது’ என்கிறார் மேனேஜர். பதிவு செய்த பத்திரம் எப்படிச் செல்லாமல் போகும்?
— வாசகர், கம்பம்

மேனேஜர் சொன்னது சரி. பவர் என்பது அப்பாவின் கையை நீங்கள் இரவல் வாங்கியிருப்பது. அவரால் செய்யக்கூடிய ஒன்றை அவருக்குப் பதிலாக நீங்கள் செய்கிறீர்கள், அவ்வளவுதான். அவராலேயே அதைச் செய்ய முடியாது என்று ஆன அன்று இரவல் முடிந்துவிடுகிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு இதைச் சொல்கிறது: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிகிறது. கொடுத்தவருக்கு நினைவு தப்பிய பிறகும் நிலைத்து நிற்கும் பவர் சில நாடுகளில் உண்டு. நம் சட்டத்தில் இல்லை. 2021-ல் அவர்தான் கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. அது பவருக்கு ஆயுளைக் கூட்டித் தராது. எதற்காக எழுதி வாங்கினீர்களோ அந்த நேரம் வரும்போதுதான் அது செத்துப்போகிறது என்பது கசப்பான விஷயம். அந்தப் பவரை வைத்து இனி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு உடன்பிறந்தவர்களில் யாராவது வழக்குப் போட்டால் முதலில் அடிபடுவது அந்தக் கையெழுத்துதான்.

இனி என்ன வழி? பலர் முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓடி, 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தில் மனு போட்டுத் திரும்பி வருகிறார்கள். அது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான சட்டம். 1987-ன் மனநலச் சட்டத்தில், சித்த சுவாதீனம் இழந்தவரின் சொத்தைப் பார்க்க மாவட்ட நீதிமன்றம் ஆள் நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்குப் பதில் வந்த 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையைப் பற்றி நிறையப் பேசுகிறது, சொத்தைப் பற்றிப் பேசவில்லை. இந்த ஓட்டையை உயர் நீதிமன்றங்கள்தான், அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில், தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவருக்கு நீதிமன்றமே தாய் தகப்பன் என்ற நிலையில் நின்று அடைத்துவருகின்றன. கோமா நோயாளிகளுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் விரிவான நெறிகளை எழுதியது. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் மனைவியைக் காப்பாளராக நியமித்தது. மறதி நோய்க்கும் இதே வழியில் பம்பாய் உயர் நீதிமன்றம் காப்பாளர்களை நியமித்திருக்கிறது.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 14-வது பிரிவில் ‘வரையறைக்குட்பட்ட காப்பாளர்’ என்று இன்னொரு வழி உண்டு. மாவட்ட நீதிமன்றமோ மாநில அரசு அறிவிக்கும் அதிகாரியோ நியமிக்கலாம். ஆனால் அதன் அடிப்படை கூட்டு முடிவு. அவரையும் கேட்டுக்கொண்டு, குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்குச் செய்வது. அரைகுறை நினைவாவது உள்ளவருக்கு அது பொருந்தும். உங்கள் அப்பாவின் நிலையில், வங்கியையும் இரண்டு மாநில வருவாய்த் துறையையும் சமாளிக்க உயர் நீதிமன்ற ஆணைதான் கைகொடுக்கும் என்பது எங்கள் கருத்து.

எந்த உயர் நீதிமன்றம்? காப்பு வேண்டியது ஆளுக்கு. அவர் வசிப்பது தேனி மாவட்டம். ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஆனால் நிலம் இடுக்கியில் இருப்பதால் ஒன்றில் விடாப்பிடியாக இருங்கள். ‘அவருடைய எல்லாச் சொத்துக்கும்’ என்று பொதுவாகக் கேட்காமல் சர்வே எண், தண்டப்பேர் எண் (கேரள வருவாய்ப் பதிவேட்டில் நில உடைமையாளருக்கு உள்ள எண்), பரப்பு, நான்கெல்லை, வங்கிக் கணக்கு எண், கடன் கணக்கு எண் வரை அட்டவணையாகச் சேர்த்து, ஆணையிலேயே அவை வரும்படி செய்யுங்கள். பட்டா, சிட்டா பார்த்துப் பழகிய நம் ஊர் வக்கீல் குமாஸ்தா தண்டப்பேரை விட்டுவிடுவார். அது இல்லாத ஆணையை எடுத்துக்கொண்டு மலை ஏறினால் வில்லேஜ் ஆபீஸில் ‘இது எந்த பூமி?’ என்றுதான் கேட்பார்கள். அட்டவணை சரியாக இருந்தும் அங்கே மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு எர்ணாகுளத்தில் கேரள உயர் நீதிமன்றத்தில் தனி மனு போட வேண்டிவரும்.

இன்னொரு எல்லைச் சிக்கல், ஆதாரமும் ஆதாரும். மலையாளத்தில் எழுதிய ஆதாரத்தில், அதாவது கிரயப் பத்திரத்தில், அப்பாவின் பெயர் வீட்டுப் பெயரோடு ஒரு மாதிரி இருக்கும். ஆதார் கார்டில் தகப்பனார் இனிஷியலோடு வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று தருவார்கள். மனு போடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். நடப்பு வருஷம் வரை கரம், அதாவது நிலவரி, அடைத்த ரசீதும் வேண்டும்.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 2019 கேரளத் தீர்ப்பே நல்ல வழிகாட்டி. மறதி நோய் மனுவையும் அந்த அளவுக்குத் தயாரிப்பது நல்லது. அசையும், அசையாச் சொத்து முழுவதையும் காட்ட வேண்டும். மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவராவது நரம்பியல் மருத்துவராக இருக்க வேண்டும். தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து, உறவினர்களின் வசதி வரை விசாரித்து அறிக்கை தர வேண்டும். காப்பாளராக வருபவர் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் வாரிசு ஆகக்கூடிய எல்லோரும் வழக்கில் தரப்பினராக இருக்க வேண்டும்.

மனுக்கள் பெரும்பாலும் சறுக்குவது கடைசியாகச் சொன்ன இடத்தில். கட்டிக்கொடுத்த தங்கையை ‘அவளுக்கு எதுக்கு?’ என்று விட்டுவிடுவார்கள். அவர் ஒரு கடிதம் போட்டாலே வழக்கு முதல் படிக்கு வந்துவிடும். சம்மதம் உள்ளவர்களிடம் நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிச் சேர்த்தால் வேலை பாதி குறையும். டாக்டர் சான்று அடுத்த சறுக்கல். ‘ஞாபக மறதி உள்ளது’ என்று ஒரு வரி எழுதித் தருவார்கள். அது போதாது. என்ன நோய், எப்போதிலிருந்து, எந்தப் பரிசோதனையில் எவ்வளவு மதிப்பெண், மூளை ஸ்கேனில் என்ன, இவரால் பணம், சொத்து விவகாரங்களைப் புரிந்து முடிவெடுக்க முடியுமா, நிலை திரும்புமா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். செலவுக் கணக்கும் வையுங்கள். மருந்து, டயப்பர், பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் ஒரு பக்கம். உரம், கவாத்து, காய் எடுப்புக் கூலி இன்னொரு பக்கம். தோட்டத்தைக் கவனிக்காவிட்டால் அப்பாவின் வைத்தியச் செலவுக்கே வருமானம் இல்லை என்பதை நீதிபதி ஒரே தாளில் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு மறதி தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. ‘இப்பவே கார்டியன் ஆயிடு, பின்னாடி கஷ்டம்’ என்கிறார் மாமா. எந்தக் கட்டத்தில் நீதிமன்றம் போக வேண்டும்?
— வாசகி, போடிநாயக்கனூர்

மாமா சொல்வது போலச் சீக்கிரம் போனால் நல்லது என்று நினைப்பது இயல்புதான். நாங்கள் எதிர்ப்பக்கம். காப்பாளர் நியமனம் என்பது உயிரோடிருக்கும் ஒருவரிடமிருந்து கையெழுத்துப் போடும் உரிமையை எடுத்துக்கொள்வது. நோயின் பெயரைச் சொல்லி அதைக் கேட்கக் கூடாது. மூன்றும் ஒன்றாக வந்தால் போங்கள். ஒன்று, குறிப்பிட்ட ஒரு முடிவை அவரால் எடுக்க முடியவில்லை. இரண்டு, அந்த முடிவைத் தள்ளிப்போட முடியாது. மூன்று, ஜாயின்ட் கணக்கு, பென்ஷன், மற்ற பிள்ளைகளின் பணம் என்று வேறு வழி எதுவும் மிச்சமில்லை. பென்ஷன் வருகிறது, ஜாயின்ட் கணக்கில் விழுகிறது, விற்கவோ அடகு வைக்கவோ எதுவும் இல்லை என்றால் கடைசி வரை நீதிமன்றமே தேவைப்படாத குடும்பங்கள்தான் அதிகம்.

முடிவெடுக்க முடியுமா என்பதை எப்படிப் பார்ப்பது? இன்று என்ன கிழமை, முதலமைச்சர் யார் என்று கேட்பது மறதியைக் காட்டும், முடிவெடுக்கும் திறனைக் காட்டாது. கிழமை தெரியாத அம்மாவுக்கு, ‘மேற்கு வயலை வித்தா நெல்லு எங்கிருந்து வரும்?’ என்று திருப்பிக் கேட்கத் தெரிந்திருக்கலாம். சொன்னது புரிகிறதா, பதில் சொல்லும் வரை மனதில் நிற்கிறதா, விளைவை எடை போடுகிறாரா, முடிவை வாயாலோ சைகையாலோ சொல்கிறாரா என்று பாருங்கள். ஒரே கேள்வியை மூன்று நாள், காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் கேட்டுக் குறித்து வையுங்கள். மறதி நோயில் பொழுது சாயும்போது குழப்பம் கூடும். மாலையில் பார்த்துவிட்டு ‘ஒண்ணுமே தெரியல’ என்று முடிவு கட்டக் கூடாது. திறன் என்பது முழுசாக இருக்கிறது, முழுசாக இல்லை என்றும் கிடையாது. சேலை நிறம் முதல் ஆஸ்பத்திரி வரை அவரே முடிவு செய்யலாம். தோட்டக் கடன் மட்டும் பிடிபடாமல் போகலாம்.

அம்மா (72) விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். நேற்று வரை நன்றாக இருந்தவர் இப்போது என்னையே யார் என்கிறார், இரவெல்லாம் பிதற்றுகிறார். ‘இனி தேறாது, வீட்டுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிடலாம்’ என்கிறார் அண்ணன்.
— வாசகி, செங்கோட்டை

வாங்காதீர்கள். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும். நாள் கணக்கில் வந்தது என்றால் அது பெரும்பாலும் திடீர்க் குழப்ப நிலை. வயதானவர்களுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருவது, பெரும்பாலும் தேறக்கூடியது. சோடியம் பாருங்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 125-க்குக் கீழ் போனாலே ஆள் தடுமாறுவார். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை ஏற்ற இறக்கம், நாலைந்து நாள் மலச்சிக்கல், அடங்காத வலி, புதிதாகச் சேர்ந்த தூக்க மாத்திரை, சளி, அரிப்பு மாத்திரை, எல்லாமே காரணமாகலாம். விழுந்தபோது தலையிலும் அடிபட்டிருந்தால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே மெதுவாக ரத்தம் கட்டும். அது சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரும். தலை ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். மூக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரவில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

தெளிவதற்குச் சில வாரம், சிலருக்கு மாதங்களும் ஆகும். அதுவரை நீதிமன்றப் பேச்சே வேண்டாம். இந்த நிலையில் வாங்கும் கைநாட்டு அம்மா தேறினாலும் செல்லாது, தேறாவிட்டாலும் செல்லாது. ஆஸ்பத்திரி நர்ஸ்கள் எழுதும் தினசரிக் குறிப்பே அண்ணனுக்கு எதிரான சாட்சியாகும்.

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டது. நாம் பேசுவது புரிகிறது, தலையாட்டுகிறார். கையெழுத்து மாறிவிட்டதால் வங்கியில் பணம் தர மறுக்கிறார்கள். கார்டியன் ஆணை கொண்டு வா என்கிறார்கள்.
— வாசகர், களியக்காவிளை

தேவையே இல்லை. வாய் போயிருக்கிறது, மனது போகவில்லை. ரிசர்வ் வங்கி இதற்கென்றே வழி சொல்லியிருக்கிறது. வங்கிக்கு வர முடியாதவர் கைநாட்டு வைக்கலாம், கை முடியாவிட்டால் கால் பெருவிரல் நாட்டு வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். நாட்டு வைக்கவே முடியாதவர் காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ ஒரு குறி போட்டால் போதும். அதற்கும் இதே சாட்சிகள்தான். பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்றும் அவரே காட்டலாம். அந்த ஆளையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும்.

வாயால் சண்டை போடாதீர்கள். கடிதம் எழுதி, ‘நினைவு தெளிவாக உள்ளது, கேட்பது புரிகிறது, பேசவும் வலது கையால் எழுதவும் மட்டும் முடியவில்லை’ என்ற டாக்டர் சான்றை இணைத்து, நகலில் வங்கி முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் சேவையும் உண்டு. அலுவலர் வரும் நாளில் அப்பாவைத் தலையணை வைத்து உட்கார வையுங்கள். இடது பெருவிரலைத் துடைத்து, மைப்பட்டையில் லேசாகத் தொட்டு, ஒரு பக்க நகத்திலிருந்து மறுபக்க நகம் வரை ஒரே உருட்டாக உருட்டுங்கள். அழுத்தினால் ரேகை அப்பிவிடும். விரலை அப்பாவே வைக்க வேண்டும், நீங்கள் மணிக்கட்டைத் தாங்கிக்கொள்ளலாம். ‘ஐயாயிரம் எடுக்கவா, ஐம்பதாயிரம் எடுக்கவா?’ என்று அலுவலரே கேட்டு, எதற்குத் தலையாட்டுகிறார் என்று பார்க்கட்டும். எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’ என்று ஆட்டுகிறவராக இருந்தால் அப்போதுதான் சந்தேகம் வரும். அப்படியிருந்தால் பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு போகலாம்.

பத்திரப் பதிவுக்கும் இதே கதைதான். பதிவுச் சட்டம் 38-வது பிரிவில், உடல் முடியாதவரின் வீட்டுக்குச் சார்பதிவாளரே வரலாம், அல்லது ஆள் அனுப்பி விசாரிக்கலாம். கேரளத்தின் பாறசாலைப் பக்கம் நிலம் இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

நான் கொழிஞ்சாம்பாறையில் அம்மாவை வைத்துப் பார்க்கிறேன். போன வருஷம் அம்மாவைக் கூட்டிப்போன அண்ணன், பொள்ளாச்சி வீட்டைத் தன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வாங்கிவிட்டு இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார். நான் கார்டியன் ஆனால் அதை ரத்து செய்ய முடியுமா?
— வாசகி, பாலக்காடு மாவட்டம்

இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். காப்பாளர் ஆணை இனி நடக்கப்போவதற்கு. நடந்து முடிந்த பத்திரத்துக்கு வேறு கதவு.

எழுதும்போது அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது, பார்த்துக்கொள்வேன் என்று சொல்லித்தான் அண்ணன் வாங்கினார் என்றால், 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-வது பிரிவு. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு. அம்மாவால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவர் போடலாம், தீர்ப்பாயம் தானாகவும் எடுக்கலாம். அம்மா இருக்கும் இடத்திலும் போடலாம், அண்ணன் இருக்கும் இடத்திலும் போடலாம். ஆகவே நீங்கள் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டாம். சிக்கல் என்னவென்றால் ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை. அதைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு, சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள் கொண்டது. பத்திரத்தின் நகல் எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எழுதும்போதே நினைவு இல்லை என்றால் சிவில் வழக்கு. சிவில் நடைமுறைச் சட்டம் 32-வது ஆணை, 15-வது விதியில், அம்மா சார்பில் நீங்கள் ‘அடுத்த நண்பராக’, அதாவது அவருக்காக வழக்கை நடத்துபவராக, நின்று வழக்குப் போடலாம். அதற்குத் தனியாகக் காப்பாளர் ஆணை வேண்டாம், அந்த வழக்குக்கு மட்டும் நீதிமன்றம் அனுமதி தரும். பத்திரத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள மருந்துச் சீட்டுகள்தான் உங்கள் ஆயுதம். ஒரு மாத்திரை அட்டையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று வருஷக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா கணக்கில் நான்தான் நாமினி. அவருக்கு நினைவு போனாலும் பணம் எடுக்கலாம்தானே?
— வாசகர், நகரி

முடியாது. நாமினிக்கு வேலை வருவது கணக்குதாரர் இறந்த பிறகு. அப்போதும் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான்.

அப்பாவுக்கு மறதி நோயின் ஆரம்பக் கட்டம் என்று போன மாதம் வேலூரில் சொன்னார்கள். இன்னும் தெளிவாகப் பேசுகிறார், கணக்குப் பார்க்கிறார். நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், சித்தூர்

இந்த இதழின் கடிதங்களில் நேரத்தோடு வந்தது உங்களுடையதுதான். நோயின் பெயர் சொன்ன மறுநாளே அவர் கையெழுத்து செல்லாமல் போய்விடாது. எழுதும் நேரத்தில் புரிந்து எழுதினாரா என்பதே சட்டத்தின் கேள்வி.

முதலில் வங்கி. அம்மாவையோ நம்பிக்கையான பிள்ளையையோ சேர்த்து, இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் இயக்கலாம் என்ற முறையில் ஜாயின்ட் கணக்காக மாற்றுங்கள். பிக்சட் டெபாசிட்டுகளுக்கு இது மட்டும் போதாது. முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவரே உடைக்கலாம் என்று இப்போதே தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆதாரோடும் வங்கியோடும் இணைந்த செல்போன் எண் எது என்று பாருங்கள். தொலைந்துபோன பழைய நம்பரில் ஓடிபி போய்க்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

அடுத்து உயில். காலை வேளையில், அவர் நன்றாகத் தூங்கி எழுந்த நாளில், அன்றைய தேதியிட்ட டாக்டர் சான்றோடு, முடிந்தால் அந்த டாக்டரே இரண்டு சாட்சிகளில் ஒருவராக. சொத்து கிடைக்கப்போகிறவர்கள் அறையில் இருக்க வேண்டாம், சாட்சியாகவும் வேண்டாம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் நிலையில் பதிவு செய்துவிடுங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கிறார் என்றால் ஏன் என்று அவர் வாயால் சொல்வதை உயிலிலேயே எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதாத உயில்தான் நீதிமன்றத்தில் அதிகம் சந்தேகப்படப்படுகிறது.

உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகளுக்கு மாற்றலாமா என்று கேட்பார்கள். மாற்றுவதானால் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை அவருக்கே என்றும், பராமரிக்கத் தவறினால் ரத்து என்றும் இரண்டு வரிகளும் பத்திரத்தில் இருக்க வேண்டும். மேலே கொழிஞ்சாம்பாறை அம்மாவின் கதை அதற்குத்தான். எங்களைக் கேட்டால் உயில் போதும் என்போம்.

சிகிச்சைக்கு இரண்டு தாள். மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்குப் பிரதிநிதி யார் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திடலாம். கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்பதற்கு, உச்ச நீதிமன்றம் 2023-ல் எளிமையாக்கிய முறையில், இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பெற்ற அலுவலர் முன்னிலையில் எழுதலாம். பவர் எழுதுவதானால் எழுதுங்கள். இன்றைக்கு வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் அலைய உதவும். ஆனால் அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குமுளியில் இருக்கும் சித்திக்குப் பிள்ளை இல்லை, சித்தப்பாவும் காலமாகிவிட்டார். நான் காப்பாளர் ஆகலாமா?
— வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

கேரள நெறிகள் முதலில் தேடுவது கணவன், மனைவி, பிள்ளை. அப்படி யாரும் இல்லாவிட்டால் சமூகநல அலுவலர் போன்ற அரசு அலுவலரை நியமிக்கக் கேட்கலாம் என்கின்றன. நீங்களும் கேட்கலாம். ஆனால் சித்தியின் வாரிசாக வரக்கூடிய மற்ற உறவினர்களையும் சேர்த்து, யார் இதுவரை சோறு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி ரசீது போன்றவற்றை வையுங்கள்.

மதுரைக் கிளையில் எனக்குக் காப்பாளர் ஆணை கிடைத்துவிட்டது. இனி அப்பா சொத்தை நான் என் இஷ்டப்படி நிர்வகிக்கலாமா? கணக்கு யாருக்குக் காட்ட வேண்டும்?
— வாசகர், தென்காசி

இஷ்டப்படி அல்ல, ஆணைப்படி. அதில் எழுதிய கணக்குகளும் சொத்துகளும் மட்டுமே உங்கள் கையில். பட்டியலில் இல்லாத காலிமனை ஒன்று பிறகு தெரியவந்தால் மறுபடி மனு போட வேண்டும். விற்க அனுமதி இல்லாத இடத்தை விற்றால் வாங்கியவரும் சேர்ந்து மாட்டுவார். உங்களுக்கே தானமாக எழுதிக்கொள்வது அறவே கூடாது.

அப்பா பேரில், காப்பாளர் நீங்கள் என்ற குறிப்போடு தனிக் கணக்கு வைத்து, வரவு செலவு எல்லாம் அதன் வழியே போகட்டும். உங்கள் கணக்கில் போட்டு எடுத்துவிட்டால், எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் பிறகு பிரித்துக் காட்ட முடியாது. கேரள நெறிப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயர் நீதிமன்றப் பதிவாளரிடம் கணக்கு தர வேண்டும். உங்கள் ஆணையில் எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை, யாரிடம் என்று எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். எதுவும் எழுதியிருக்காவிட்டாலும் மாதம் ஒரு பக்கம் எழுதி ரசீதுகளைப் பின் அடித்து வையுங்கள். ஆயா சம்பளத்துக்கு ரசீது கிடைக்காது. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு அவர் கையெழுத்து வாங்கினால் போதும்.

அப்பா காலமாகும் அன்று உங்கள் அதிகாரமும் முடிகிறது. அதன் பிறகு காரியச் செலவுக்கென்றுகூட அந்தக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். இறப்புச் சான்றும் கடைசிக் கணக்கும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாசில்தாரிடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.